"கண் ஆராய்ச்சி" என்று சொல்லி அம்மாவிடம் 61,500 ரூபா வாங்கினார்கள்: மட்டக்களப்பு படுவான்கரை ஆட்கள் கவனிக்கவும்

கொக்கட்டிச்சோலையிலோ சுற்றியுள்ள ஊர்களிலோ யாராவது வீட்டுக்கு வந்து, "கண் வறட்சிக்கு வெளிநாட்டு ஆராய்ச்சி நடக்குது, சேருங்க" என்று மஞ்சள் பைல் ஒன்றை நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்தவர்கள் இதைக் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. ஒவ்வொரு வருடமும் கச்சான் காற்று தொடங்கினால் கண் எரியத் தொடங்கிவிடும். போன ஆடியில் அது கூடிவிட்டது. "கண்ணுக்குள்ள மண் கிடக்கிற மாதிரிக் கிடக்கு புள்ள" என்று காலையில் எழும்பியதும் சொல்லுவா. நெல் தூற்றுற வேலை வேறு. நான் கல்யாணம் முடித்து செங்கலடியில் இருக்கிறேன். வந்து கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு கிழமை போய்விட்டது.

அந்த இடைவெளியில்தான் அந்த ஆள் வந்திருக்கிறான். கழுத்தில் அடையாள அட்டை, நல்ல மரியாதையான பேச்சு. "40 பேருக்குத்தான் இடம் அம்மா, உங்களுக்குக் கிடைச்சது அதிர்ஷ்டம்" என்று சொல்லி, நகரத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடிக்கு வரச் சொன்னான். பதிவுக்கு 7,500 ரூபா, மருந்துக்கு மாதம் 18,000 ரூபா. ஆங்கிலத்தில் ஒரே ஒரு தாள், அதன் அடியில் அம்மாவின் கையெழுத்து. கண்ணை டோர்ச் அடித்துப் பார்த்ததோடு பரிசோதனை முடிந்தது. கையில் கொடுத்த சின்னப் போத்தலில் மருந்தின் பெயர் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை, ஓர் எண் மட்டும் எழுதியிருந்தது. "ஆராய்ச்சி மருந்து எண்டா அப்பிடித்தான்" என்றார்களாம். இன்னொன்றும் சொன்னார்கள், எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிப்பது அதற்குத்தான்: "ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகாதீங்க, அங்க மருந்து எடுத்தா ஆராய்ச்சி கெட்டுப்போகும்."

முதல் கிழமையிலேயே சிவப்புப் போய்விட்டது, எரிச்சலும் குறைந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு மாமிக்கும் சொல்லி, அவவும் போய்ச் சேர்ந்துவிட்டா.

மூன்றாவது போத்தல் நடக்கும்போது, இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, தலை இடிக்கிறது என்று அம்மா போனில் சொன்னா. அடுத்த நாளே மண்முனைப் பாலத்தால் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போனேன். கண் அழுத்தம் 36. சாதாரணமாக 10க்கும் 21க்கும் இடையில் இருக்க வேண்டியது. டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்ப இருந்து இதைப் போடுறீங்க அம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். உள்ளே ஸ்டீரோயிட் இருக்கலாம் என்பது அவருடைய சந்தேகம். ஸ்டீரோயிட் துளி சிவப்பையும் எரிச்சலையும் சட்டென்று அடக்கிவிடும். ஆனால் கண்காணிப்பு இல்லாமல் வாரக்கணக்கில் போட்டால் சிலருக்கு அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும், கெட்டது திரும்பி வராது. வெண்புரையும் வரலாம். நெல்லுமி, வைக்கோல் பட்டுக் கோர்னியாவில் (கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலம்) பங்கசு பிடித்த கண்ணில் இது விழுந்தால் புண் இன்னும் மோசமாகும். எங்கள் பக்கம் வயலில் நிற்காத ஆள் யார்?

மேல்மாடியில் மூன்று மாதமாகச் செய்யாததை இங்கே ஒரு காலைக்குள் செய்துவிட்டார்கள். கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்கக் கீழ் இமையில் ஒரு சின்னத் தாள் துண்டை மாட்டி 5 நிமிடம் விட்டார்கள், 4 மில்லிமீற்றர்தான் நனைந்தது. சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் கோர்னியாவைப் பார்த்தார்கள். வாய் காய்கிறதா, மூட்டு நோகிறதா, வேறு என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அம்மா மாதக்கணக்கில் தடிமனுக்கு இரவில் பிரிட்டோன் போட்டிருக்கிறா. அந்த வகைக் குளிசையே கண்ணை வறளச் செய்யுமாம். எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதற்குப் பிறகு உண்மையான ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்று தேடித் தேடி வாசித்தேன். கண் வறட்சிக்கு மீன் எண்ணெய் உதவுமா என்று அமெரிக்காவில் 535 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்கு மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3, மற்றப் பகுதிக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒலிவ் எண்ணெய். யாருக்கு எது என்று எடுத்தவர்களுக்கும் தெரியாது, கண்ணைப் பரிசோதித்தவர்களுக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் சுகம் கூடியது, ஆனால் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2018இல் அப்படியே வெளியிட்டார்கள். முதல் கிழமைச் சுகத்தை வைத்து மருந்தை நம்பிய எங்களுக்கு இதை வாசித்தபோது அழுகை வந்தது.

ஒழுங்கான ஆராய்ச்சியில் பரிசோதிக்கிற மருந்துக்கு நோயாளியிடம் இப்படி மாதக் காசு பிடுங்க மாட்டார்கள். உங்களுக்கு விளங்கும் மொழியில் சம்மதப் படிவம் தந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க விடுவார்கள். எந்த நேரமும் விலகலாம், விலகினால் வழமையான வைத்தியம் நிற்காது. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இருக்கும். இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2006இல் இருந்து இருக்கிறது, இணையத்தில் யாரும் தேடலாம். "பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். நான் போனில் கேட்டேன், லைன் துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை, மேல்மாடியும் பூட்டு.

பொலிஸிலும் பிராந்திய சுகாதாரப் பணிமனையிலும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அம்மாவின் அழுத்தம் இப்போது 19க்கு இறங்கியிருக்கிறது, ஆனால் இடது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போய்விட்டது. மாமியின் அழுத்தமும் கூடித்தான் இருந்தது, நல்ல வேளையாக நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

மஞ்சள் பைலில் கையெழுத்து வைத்தவர்கள் உடனே கண் கிளினிக்குக்குப் போய் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள், வலியில்லாமலே ஏறும். போத்தலை எறிய வேண்டாம், டொக்டரிடம் காட்டுங்கள். அம்மாவின் மூன்றாவது போத்தலில் பாதி மிச்சம் இருக்கிறது, விசாரிக்க வருபவர்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.