"இம்போர்ட் சிடி இப்படித்தான் இருக்கும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்

பினாங்கில் இன்னமும் சிடி வாங்கிப் பாட்டுக் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான் இருக்கிறோம். அந்தக் கொஞ்சம் பேரையும் ஏமாற்ற ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் பேசிய அதே பேச்சை இணையத்தில் விற்கிறவர்களும் பேசுகிறார்கள். அதனால் அந்தப் பேச்சை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

"அண்ணே, இது பேரலல் இம்போர்ட். அதான் விலை கம்மி. லோக்கல் செட் மாதிரி தரம் இருக்காது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்."

முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாவது பாதி பொய்.

ஓர் இசை நிறுவனம் இந்தியாவில் விற்பதற்கு, அந்த ஊர் விலைக்கு ஒரு சிடியை அச்சடிக்கிறது. அதே ஆல்பத்தை மலேசியாவில் விற்க இங்குள்ள விநியோகஸ்தருக்கு உரிமை கொடுத்திருக்கிறது, இங்கே விலை வேறு. யாரோ ஒருவர் சென்னையில் மொத்தமாக வாங்கி, அந்த விநியோகஸ்தரிடம் போகாமல் நேராக இங்கே கொண்டுவந்து விற்கிறார். பேரலல் இம்போர்ட் என்பது அவ்வளவுதான். தட்டு அசல், அச்சடித்தவர் உரிமை உள்ளவர், வந்த வழி மட்டும் வேறு. உறையின் பின்பக்கம் இந்தியாவில் மட்டும் விற்பனைக்கு என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியா 1998இல் சட்டத்தையே திருத்தி இப்படி இசைத்தட்டு இறக்குவதை அனுமதித்தது. விலை குறைவதற்குக் காரணம் அந்தந்த நாட்டுக்கென்று நிறுவனம் வைக்கும் விலையும், ரூபாய்க்கும் நம் வெள்ளிக்கும் (ரிங்கிட்) உள்ள மாற்று விகிதமும், நடுவில் ஒரு கை குறைவதும்தான். ஒலி தரக்குறைவு என்பதால் யாரும் விலையைக் குறைப்பதில்லை.

சரி, நடந்தது என்ன? அப்பாவின் கேசட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டன. இந்த ஊர் ஈரக்காற்றுக்கு நாடா தாங்காது. அவருக்குப் பிடித்த நாதஸ்வரம், வீணை, எண்பதுகளின் படப்பாட்டுகளைச் சிடியில் வாங்கித் தரலாம் என்று தீபாவளிக்கு முன்னால் அந்தக் கடைக்குப் போனேன். உள்ளூர் செட் 45 வெள்ளி, இம்போர்ட் செட் 22 வெள்ளி. எல்லாமே பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை. கடைக்காரர் இம்போர்ட் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டு, தெளிவான அச்சு, பாடல் விவரப் புத்தகம். அது அசல்தான், இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு பை நிறைய வாங்கி வந்தேன்.

வீட்டில் அப்பாவின் பழைய பிளேயரில் சில தட்டுகள் உடனே பாடின. சில தட்டுகள் உள்ளே சுற்றிச் சுற்றி நின்று, 'நோ டிஸ்க்' என்று காட்டின. அவற்றைக் காரில் போட்டால் பாடின. ஆனால் அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. "என்னடா, நாயனம் தகர டப்பாவுக்குள்ள ஊதுற மாதிரி இருக்கு. தாளத்தோட கணீர்ங்கற சத்தம் எங்க போச்சு?" என்றார். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் நாயனத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர் அவர். அவர் காதை நான் நம்புவேன்.

தட்டுகளைத் திருப்பிப் பார்த்தோம். பாடாத தட்டுகளின் அடிப்பக்கம் லேசான பச்சை. வெளிச்சத்தில் சாய்த்தால், பாட்டு முடிகிற இடத்தில் ஒரு வட்டக் கோடு, அதற்கு வெளியே நிறம் மாறுகிறது. வீட்டுக் கணினியில் எழுதும் வெற்றுத் தட்டு, அதாவது சிடி-ஆர். மேல்பக்கத்தில் படத்தைப் பிரிண்டரில் அடித்து, உறையைக் கலர் நகல் எடுத்து, சுருக்கு பிளாஸ்டிக் போட்டிருக்கிறார்கள். ஒரே பையில் அசலையும் நகலையும் கலந்து கொடுத்திருக்கிறார்கள். பிரித்துக் காட்டுவதற்கு அசல், கல்லாவுக்கு நகல்.

ஆலையில் அச்சாகும் சிடியில் பாட்டு பிளாஸ்டிக்கிலேயே நுண்ணிய குழிகளாகப் பதிந்திருக்கும், அதன்மேல் அலுமினியப் பூச்சு. சிடி-ஆரில் ஒரு சாயப் படலத்தை லேசர் சுட்டு எழுதுகிறது. அந்தச் சாயம் வெயிலிலும் சூட்டிலும் மங்கிப்போகும். லேசர் ஒளியை அது திருப்பி அனுப்புவதும் அச்சுத் தட்டைவிடக் குறைவு. பழைய பிளேயர்கள் சில திணறுவது அதனால்தான்.

ஆனாலும், அசல் சிடியிலிருந்து ஒழுங்காக நகல் எடுத்திருந்தால் ஒலி கெட்டிருக்காது. சிடியில் இருப்பவை எண்கள். சரியாக நகல் எடுத்தால் எண்கள் மாறாது. இவர்கள் அந்த உழைப்பைக்கூடச் செலவழிக்கவில்லை. ஒலிப்பதிவு வேலை தெரிந்த நண்பர் ஒருவர் அந்தத் தட்டுகளைக் கணினியில் ஏற்றி, ஆடாசிட்டி மென்பொருளில் அலைவரிசைப் படமாகக் காட்டினார். சிடி ஏறக்குறைய 22 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலியைத் தாங்கக்கூடியது. இந்த நாதஸ்வரத் தட்டில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல ஒன்றுமே இல்லை. கோப்பைச் சிறிதாக்க உச்ச சுருதி ஒலியை வெட்டிவிட்டு, 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கிய எம்பி3 கோப்பில் வழக்கமாகத் தெரியும் அடையாளம் அது. இணையத்தில் இறக்கிய கோப்பைத் தட்டில் எழுதி 22 வெள்ளிக்கு விற்றிருக்கிறார்கள்! பழைய ஒலிப்பதிவுகளில் உச்ச ஒலி இயல்பாகவே குறைவாக இருக்கும், அது உண்மைதான். ஆனால் அங்கே மேலே போகப்போக ஒலி படிப்படியாகத் தேய்ந்து மறையும். ஒரே உயரத்தில், எல்லாப் பாட்டிலும், நேர்க்கோடாக அறுந்து நிற்காது.

நண்பர் அதோடு விடவில்லை. உள்ளூர் செட்டாக அவரிடம் ஏற்கெனவே இருந்த ஒரு வீணை ஆல்பம், என் பையில் அசல் இம்போர்ட்டாக இருந்தது. இரண்டையும் கணினியில் ஏற்றி, தொடக்கத்தில் இருந்த மிகச் சிறிய இடைவெளி வித்தியாசத்தைச் சரிசெய்து, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிட வேண்டும். முழு ஆல்பத்துக்கும் சுத்தமாக ஒரு சத்தமும் வரவில்லை. 45 வெள்ளித் தட்டிலும் 22 வெள்ளித் தட்டிலும் இருந்தவை ஒரே எண்கள். தரம் முன்னே பின்னே இருக்கும் என்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

மறுபடி கடைக்குப் போனபோது கடைக்காரர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "இம்போர்ட் சரக்குன்னு சொல்லித்தானே கொடுத்தேன், உறை பிரிச்ச சாமான திரும்ப எடுக்க முடியாதுண்ணே" என்றார். அடிப்பக்கம் பச்சையாக இருப்பதைக் காட்டினேன். "இந்தியாவுல இப்படித்தான் அடிக்கிறாங்க" என்றார். என்னை ஏமாற்றியதைவிட இந்த வார்த்தை எனக்கு அதிகம் வலித்தது. இந்திய ஆலைகளில் அச்சான நல்ல தட்டுகள் அவர் தந்த பையிலேயே இருந்தன. தன் திருட்டை மறைக்க, நேர்மையாக வேலை செய்கிற ஓர் ஆலையின் பேரையும் நேர்மையாக இறக்கி விற்கிற மற்ற வியாபாரிகளின் பேரையும் கெடுக்கிறார். இப்படிப் பேசிப் பேசித்தான் மலிவான இம்போர்ட் என்றாலே மட்டம் என்று நம் ஆட்களும் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அப்படி நம்புகிறவர் வீட்டில் மட்டமான சத்தம் வந்தால் புகார் செய்யமாட்டார், விலைக்கேற்ற சாமான் என்று விட்டுவிடுவார். இவர்களுக்கு வேண்டியது அதுதான்.

அசல் இம்போர்ட்டுகளுக்கு நடுவே வித்தியாசமே வராதா என்றால், வரும். ஒரு நாட்டுப் பதிப்பு பழைய மாஸ்டரிலிருந்தும் (அச்சடிக்கத் தயார்செய்த மூலப் பதிவு), இன்னொன்று பிற்பாடு மறுபடி மாஸ்டர் செய்ததிலிருந்தும் அச்சாகியிருக்கலாம். பின்னதில் சத்தம் ஏற்றப்பட்டு, மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இடைவெளி குறைந்திருக்கலாம். எனக்குப் பழையதுதான் பிடிக்கும், சிலருக்குப் புதியது. ஜப்பான் பதிப்புகளில் கூடுதல் பாட்டு இருக்கும். அங்கே சிடி விலையைக் குறைக்காமல் காக்கும் ஏற்பாடு இருப்பதால், மலிவான வெளிநாட்டுத் தட்டுகள் உள்ளே வரும்போது உள்ளூர்த் தட்டை வாங்க வைக்கக் கொடுக்கும் கூடுதல் அது. அச்சிலும் கோளாறு வந்ததுண்டு. 1988க்கும் 1993க்கும் இடையில் இங்கிலாந்தில் ஓர் ஆலையில் அச்சான தட்டுகள், மேல்பூச்சு சரியில்லாமல் வெண்கல நிறமாக மாறிக் கெட்டுப்போயின. அவை முழு விலைக்கு விற்ற அசல் தட்டுகள். விலைக்கும் அந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை.

வாங்கும்போது கடையிலேயே, நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மாதிரிக்கு ஒன்று போதாது. அடிப்பக்கம் பச்சையோ, நீலமோ, ஊதாவோ சாயலடித்தால் வேண்டாம். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள பளபளக்கும் வளையத்தில் ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அது உறை முதுகில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகும். 1994க்குப் பிறகு ஐ, எஃப், பி, ஐ என்ற ஆங்கில எழுத்துகளோடு ஆலைக் குறியீடும் போடத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய தட்டில் அது இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். வெற்றுத் தட்டு செய்யும் ஆலைகளும் அந்தக் குறியீட்டைப் போடுவதுண்டு, அதனால் அது ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அசல் என்று காட்ட 2003 முதல் நம் நாட்டில் வந்த பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் அப்படித்தான். அது உறையின் மேல் இருப்பது, உள்ளே இருக்கும் தட்டுக்கு அது சாட்சி இல்லை. ரசீதில் வெறும் சிடி என்று எழுதவிடாமல், ஆல்பத்தின் பெயரையும் 'அசல் இம்போர்ட்' என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

நான் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். சில சிடிகளுக்காகவா என்று வீட்டிலேயே கேட்டார்கள். ஆமாம், அதற்காகத்தான். நகல் விற்பனை பற்றி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அமலாக்கப் பிரிவிலும் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. இதே பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், தட்டின் அடிப்பக்கத்தையும் நடு வளையத்தையும் தெளிவாகப் படம் எடுத்து, ரசீதோடு நீங்களும் அமைச்சில் புகார் கொடுங்கள். தட்டின் மேல் எதுவும் எழுத வேண்டாம், உறையையும் அந்த பிளாஸ்டிக்கையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதிகாரிகள் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும்.