கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோள் படச் சேவை: ஒரு பயனரின் மதிப்புரை

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் திட்டம் வழங்கும் படங்களை ஓராண்டாகப் பயன்படுத்திவருகிறேன். அதன் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுக்கும் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர்ச் சதுரம்; ஒரு வீடு ஓரிரு புள்ளிகளாகச் சுருங்கிவிடும் என்றாலும், ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டு மெல்ல இடம்பெயர்வதைக் கண்ணாரக் காணலாம். பதிவு செய்துகொண்டால் எந்த நாட்டவரும் கட்டணமின்றித் தரவிறக்கலாம். மேகம் மூடிய நாள்களில் மேகத்தை ஊடுருவும் ரேடியோ அலைகளால் எடுக்கப்படும் சென்டினல்-1 ராடார் படங்களே கைகொடுக்கின்றன. ஆனால் அவற்றை எடுத்துவந்த இரு சென்டினல்-1 கோள்களில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதாக, மாற்றுக்கோள் 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. சேவையின் பெருங்குறையாக இருந்தது இந்த இடைவெளியே.

இத்தகைய செயற்கைக்கோள்களுக்கான செலவைப் பல நாடுகள் சேர்ந்து ஏற்பதா, ஒவ்வொரு நாடும் சொந்தக் கோள்களைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொள்வதா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டன், 2021 முதல் 2023 வரை கோப்பர்நிக்கஸ் திட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டு, 2024 ஜனவரி 1 முதல் பங்குத்தொகை செலுத்தி மீண்டும் இணைந்தது. இடைப்பட்ட காலத்திலும் படங்கள் அங்குள்ளவர்களுக்குத் தடையின்றிக் கிடைத்தன என்பதால், பணம் எதற்கு என்று கேட்டவர்களை நான் குறை கூறமாட்டேன். வரிப்பணத்துக்கு நாடாளுமன்றம் கணக்குக் கேட்பது அதன் கடமை. தேசியக் கட்டுப்பாட்டில் இருக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் 2008 முதல் இலவசம்தானே! ஆயினும் அவற்றின் பெரும்பாலான அலைவரிசைகளில் (தனித்தனியே பதிவாகும் ஒளிப் பிரிவுகளில்) ஒரு புள்ளி 30 மீட்டர்ச் சதுரம். அந்த மணல்திட்டின் விளிம்பு அதில் மங்கிப்போகிறது. எனவே கூட்டு நிதியையே ஆதரிக்கிறேன்.