கெட்டிமேளத்தோடு வந்த சூப்பர் பவுல்: கும்பகோணத்தில் வி.எச்.எஸ். மாற்றித் தரும் கடை

கும்பகோணத்தில் வி.எச்.எஸ். வீடியோ கேசட்டை பென்டிரைவில் ஏற்றித் தருகிற கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், பாத்திரக் கடைக்கு மேல் மாடி. பலகையில் கல்யாண வீடியோ, ஆல்பம் என்றுதான் எழுதியிருக்கும். கேசட் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, விசாரித்துத்தான் போக வேண்டும். வேலை சுத்தம். ஆனால் கல்யாணம், காதுகுத்து தவிர வேறு எதைக் கொண்டுபோனாலும் முதலிலேயே உட்கார்ந்து விவரமாகப் பேசிவிடுங்கள்.

நான் கொண்டுபோனது அமெரிக்கன் ஃபுட்பால். சித்தப்பா மயாமியில் டாக்டராக இருந்தவர். அந்த ஊர் டால்ஃபின்ஸ் அணி 1972-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கியது. லீக்கில் 14, அதற்கு மேல் பட்டத்துக்கான சுற்றுகளில் 3, ஆக 17-க்கு 17. இன்றுவரை அந்த லீக்கில் வேறு எந்த அணிக்கும் இப்படி முழு சீசன் அமையவில்லை. 2007-இல் நியூ இங்கிலாந்து அணி வரிசையாக 18 ஜெயித்து, கடைசி ஆட்டத்தில் கோட்டை விட்டது.

உள்ளூரிலேயே இருந்தும் சித்தப்பாவால் டால்ஃபின்ஸின் சொந்த மைதானமான ஆரஞ்சு பவுலில் நடந்த ஆட்டங்களை டி.வி.யில் பார்க்க முடியவில்லை. டிக்கெட் முழுக்க விற்றுப்போனாலும் சுற்றி 75 மைலுக்கு ஒளிபரப்பக் கூடாது என்பது அப்போதைய விதி. 1973-இல்தான் சட்டம் போட்டு அதைத் தளர்த்தினார்கள். அந்த ஏக்கத்தில், பிற்பாடு டி.வி.யில் மறுபடி காட்டியதையெல்லாம் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பியபோது கூடவே வந்த அட்டைப்பெட்டி, வலங்கைமான் வீட்டுப் பரணில் ஏறியதோடு சரி. நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரம் கேசட்டை விடுமா? உள்ளே சுண்ணாம்புப் பொடி தூவியது மாதிரி பூஞ்சை.

கடைக்காரத் தம்பி அதைப் பார்த்ததும் மெஷினில் போடவில்லை. அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "இத நல்ல டெக்குல போட்டா அடுத்து வர்ற கேசட்டுக்கெல்லாம் தொத்திக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூ கழற்றி, டேப்பைக் கையாலேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டு, நூல் பிரியாத துணியால் துடைத்தார். பூஞ்சை கேசட்டுக்கென்றே ஒரு பழைய டெக் தனியாக வைத்திருக்கிறார். வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி ஜப்பான் கம்பெனியும் 2016-இல் நிறுத்திவிட்டது. டேப்பைப் படிக்கிற ஹெட் போனால் எங்கே தேடுவது என்கிற பயம் அவர் கை வேகத்திலேயே தெரிகிறது.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்க கேசட்டில் படம் பதிகிற முறை என்.டி.எஸ்.சி., நம் ஊரில் பி.ஏ.எல். (PAL). சாதாரண டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் உருளும். இவரிடம் இரண்டும் ஓடுகிற டெக் இருக்கிறது. சித்தப்பா வேறு சிக்கனக்காரர். இரண்டு மணி நேர கேசட்டில் வேகத்தைக் குறைத்து ஆறு மணி நேரம் பிடித்திருக்கிறார். அதனால் படத்தின் அடியில் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். டிராக்கிங் திருகிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்துதான் ஏற்றினார்.

இவ்வளவு பொறுப்பான மனுஷன்தான் முதலில் கொடுத்த பென்டிரைவில் என்ன செய்திருந்தார் தெரியுமா? திறந்ததும் ரோஜாப்பூ கொட்டுகிறது. இரண்டு இதயம் வந்து ஒட்டுகிறது. கெட்டிமேளம். அதன் நடுவிலிருந்து டால்ஃபின்ஸ் ஆட்டக்காரர், 107 கிலோ லாரி ஜோங்கா, மூக்கு உடைந்த முகத்தோடு, பந்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓடி வருகிறார். வீட்டில் எல்லாரும் சிரித்த சிரிப்புக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று. படத்தை அகல டி.வி.க்கு இழுத்தும் விட்டிருந்தார். ஏற்கெனவே குண்டாக இருக்கிற ஆட்களெல்லாம் பீப்பாய் ஆகிவிட்டார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். புள்ளியும் கீறலும் போக வேண்டுமென்று ஏதோ ஃபில்டர் போட்டு படத்தை வழவழவென்று ஆக்கியிருந்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை முகம் பளபளக்கும், சரி. இங்கே பந்தே அழிந்துவிட்டது! அதுவும் எந்த இடத்தில்? 1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலிஸ், பட்டம் யாருக்கு என்று தீர்க்கிற சூப்பர் பவுல். வாஷிங்டனுக்கு எதிராக டால்ஃபின்ஸ் 14-0 முன்னிலை. சைப்ரஸில் பிறந்த கேரோ யெப்ரெமியன் கோலுக்கு உதைக்க வருகிறார். அது போயிருந்தால் 17-0, சீசன் கணக்கும் 17-0 என்று ஜோடி சேர்ந்திருக்கும். உதைத்த பந்து தடுக்கப்பட்டு அவரிடமே திரும்பி வருகிறது. பேசாமல் அதன் மேல் விழுந்து படுத்திருக்கலாம். இந்த மனுஷன் எடுத்து எறியப் பார்க்கிறார். பந்து கையிலிருந்து வழுக்கி மேலே எழும்ப, அதைக் கையாலேயே தட்டிவிட, எதிரணி ஆட்டக்காரர் மைக் பாஸ் பிடித்துக்கொண்டு 49 கெஜம் ஓடி வாஷிங்டனுக்குப் புள்ளி வாங்கிக் கொடுத்துவிடுகிறார். 14-7. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் சொச்சம். சீசனிலேயே நெஞ்சு அடைக்கிற இடம் அது. பென்டிரைவில் பார்த்தால் யெப்ரெமியன் காற்றை எடுத்துக் காற்றில் எறிகிறார், திடீரென்று எதிராளி ஒருவன் ஓடுகிறான்.

திரும்பப் போய், "தம்பி, எதையும் அழகு பண்ணாதீங்க. கோடு இருந்தா இருக்கட்டும், நடுங்கினா நடுங்கட்டும், டேப்புல இருக்கறது அப்படியே வேணும்" என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "கல்யாணத்துக்குப் போடற செட்டிங் சார், மாத்த மறந்துட்டேன்" என்று மறுபடி முழுக்க ஏற்றிக் கொடுத்தார், காசு வாங்காமல். இரண்டாவது கோப்பில் யெப்ரெமியன் கைக்கு மேல் அந்தப் பழுப்புப் பந்து ஒரு கணம் நிற்பது தெளிவாகத் தெரிகிறது. இடது விரல்கள் விரிந்திருப்பதுகூடத் தெரிகிறது.

அழகு பண்ணாமல் பார்க்க வேண்டிய சீசன்தான் அது. 17-0 என்று எழுதினால் எதிரில் நின்றவனையெல்லாம் நசுக்கிவிட்டுப் போனதாகத் தோன்றும். நியூ இங்கிலாந்தை 52-0 என்று நசுக்கியது உண்மைதான். பயிற்சியாளர் டான் ஷூலாவுக்கு லீக் ஆட்டங்களில் 100-ஆவது வெற்றி அது. ஆனால் மினசோட்டாவை 16-14, பஃபலோவை 24-23 என்று நூலிழையில்தான் தாண்டினார்கள். லீக் ஆட்டங்களில் எதிர்த்து ஆடிய அணிகளில் வெற்றி தோல்வியைவிட அதிகமாக இருந்தது இரண்டே அணிக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். சித்தப்பா இருந்திருந்தால் இந்த வரிக்குக் கோபித்துக்கொள்வார்.

ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர் என்கிற முறையில் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது வேறு ஆளை. ஐந்தாவது ஆட்டத்தில் முதன்மை ஆட்டக்காரர் பாப் கிரீஸிக்குக் கால் முறிந்துவிட்டது. நாலு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறாவிட்டால் பந்தைப் பறிகொடுக்கிற ஆட்டத்தில், ஒவ்வொரு முயற்சியையும் தொடங்கிவைக்கிறவர் போய்விட்டால் பாதி அணி போன மாதிரி. உள்ளே வந்தவர் எர்ல் மோரல், 38 வயது. பால்டிமோர் அணி வேண்டாமென்று விட்டதை 100 டாலருக்கு எடுத்த ஆள். 1968-இலும் ஷூலாவிடம் மாற்று ஆளாக வந்து லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கி, கடைசி ஆட்டத்தில் நியூயார்க் ஜெட்ஸிடம் தோற்று ஏச்சு வாங்கியவர். அவசரமே படாமல், பந்தை ஜோங்காவிடமும் மெர்க்குரி மோரிஸிடமும் கொடுத்துக் கொடுத்தே தோல்வியில்லாமல் அணியைக் கொண்டுபோகிறார். அந்த இரண்டு பேரும் அந்த வருஷம் ஆளுக்கு 1000 கெஜம் தொட்டார்கள். ஒரே அணியில் இருவர் தொட்டது அதுவே முதல் தடவை. பிட்ஸ்பர்க்கில் நடந்த அரையிறுதியில் பாதி ஆட்டத்துக்குப் பிறகு கிரீஸியை இறக்கினார் ஷூலா. மோரல் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். 21-17 ஜெயம். பட்ட ஆட்டத்திலும் கிரீஸிதான். உட்கார வைத்தால் வீட்டிலிருந்து ஆள் கூட்டி வருகிற கபடிப் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தக் கோப்பைத்தான் போட்டுக்காட்ட வேண்டும்.

ஒலி சுமார்தான். ஒரு கேசட்டில் வர்ணனை கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அது டேப்பின் கோளாறு, கடையின் மேல் பழி இல்லை. ரசீது கேட்டால்தான் கொடுக்கிறார். சொன்ன தேதிக்கு வேலை முடியாது, போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேசட்டுக்கு 350 ரூபாய், பூஞ்சை என்றால் 200 கூடுதல். பென்டிரைவ் நீங்களே வாங்கிக்கொண்டு போனால் லாபம். பூ, மேளம், ஃபில்டர் வேண்டாம், படத்தை இழுக்க வேண்டாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேசட் பெட்டியிலேயே ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். பீட்டாமேக்ஸ் என்கிற இன்னொரு வகை கேசட்டை எடுப்பதில்லை. செவ்வாய்க்கிழமை லீவு. முகூர்த்த நாளில் போய்ப் பிரயோஜனம் இல்லை, ஆள் ஏதாவது ஒரு மண்டபத்தில் கேமராவோடு நின்றுகொண்டிருப்பார்.