டோ ஹூக்கில் பிரெட் மாவு: மதுரை வெயிலில் சில வருட அனுபவம்

வீட்டில் பிரெட், பன், பாவ் செய்வதற்காக ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள ஸ்டாண்ட் மிக்சர் ஒன்றைச் சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மோட்டார் இருக்கிற தலையைப் பின்னால் சாய்த்துத் திறக்கிற வகை. அந்தத் தலையில் மாட்டி மாவு பிசைகிற பாகம்தான் டோ ஹூக். வாங்கலாமா என்று யாராவது கேட்டால், முதலில் நான் திருப்பிக் கேட்பது நீங்கள் என்ன மாவு பிசையப் போகிறீர்கள் என்பதுதான். சப்பாத்திக்கு என்றால் வேண்டவே வேண்டாம். கோயம்புத்தூர் டேபிள் டாப் கிரைண்டரோடு மாவு பிசைய ஒரு பாகம் தருகிறார்களே, பல வீடுகளில் பெட்டியை விட்டே வெளியே வராமல் கிடக்கிறதே, அதுவே சப்பாத்தி மாவுக்குத் தாராளம்.

பிரெட், பன் மாவு என்றால் பதில் வேறு. 500 கிராம் மைதாவுக்கு 280 கிராம் தண்ணீர் விட்டால் கைக்கு அடங்குகிற மாவு வந்துவிடும், ஆனால் அந்தப் பன் மறுநாளே கட்டையாகிவிடும். பன் பட்டர் ஜாமுக்குப் போடுகிற மாதிரி அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்புகிற பன் வேண்டுமென்றால் அதே மைதாவுக்கு 325 கிராம் தண்ணீர், அதற்கு மேல் 50 கிராம் வெண்ணெய். இந்த மாவைக் கையால் பிசைய ஆரம்பித்தால் விரலிடுக்கெல்லாம் ஒட்டும், உடனே இன்னும் கொஞ்சம் மைதா தூவத் தோன்றும், தூவத் தூவத் தண்ணீர் கணக்கு போய்விடும். ஹூக்குக்கு ஒட்டுவதைப் பற்றிக் கவலை இல்லை. போட்ட தண்ணீர் போட்டபடியே இருக்க மாவு பதத்துக்கு வந்துவிடுகிறது. கை வலி மிச்சம், நேரம் மிச்சம் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இந்த மெஷினில் கிண்ணம் அசையாது. ஹூக் தானும் சுற்றிக்கொண்டு, எதிர்த்திசையில் கிண்ணத்தையும் வலம் வரும். கிரைண்டரில் டிரம் சுற்றும், பிசைகிற கை ஒரே இடத்தில் நிற்கும். அமெரிக்காவில் ஹோபார்ட் கம்பெனியின் எஞ்சினியர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், பேக்கரிக்காரர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிண்டிச் சிரமப்படுவதைப் பார்த்துத்தான் 1908 வாக்கில் இதை யோசிக்க ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். வீட்டுக்கான முதல் மாடல், கிச்சன்எயிட் எச்-5, 1919இல் வந்தது. இன்று கேக் மெஷின் என்று பெயர் வாங்கியிருந்தாலும், இதன் பிறப்பே பிரெட் மாவுக்காகத்தான்.

சரி, நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். சூடு. ஹூக் மாவைத் தேய்க்கத் தேய்க்க மாவு சூடாகும், அதோடு நம் சமையலறைச் சூடும் சேர்ந்துகொள்ளும். இணையத்தில் கிடைக்கும் பிரெட் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்ந்த ஊர்ச் சமையலறைகளில் எழுதியவை, வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரையுங்கள் என்றே ஆரம்பிக்கும். மதுரையில் மே மாதம் அப்படிச் செய்தால் பிசைந்து முடிக்கும்போது மாவு 35 டிகிரியைத் தாண்டி நிற்கும். வெண்ணெய் உருகி வெளியே வரும், மாவு தளர்ந்து கிண்ணத்தோடு ஒட்டும், ஈஸ்ட் வேகம் பிடித்து ஒரு மணி நேரத்தில் உப்ப வேண்டியது அரை மணியில் உப்பி நிற்கும். பிரெட்டுக்கு ருசி வர அந்த நேரம் போதாது, சாராய வாடைதான் மிஞ்சும்.

பேக்கரிக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. பிசைந்து முடிக்கும்போது மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் வெப்பம், மைதாவின் வெப்பம், மெஷின் ஏற்றும் சூடு மூன்றையும் கழிக்க வேண்டும். அறை 33, மைதா 31, என் மெஷின் ஏற்றுகிற சூட்டுக்கு 12 என்றால் கூட்டினால் 76, ஆகத் தண்ணீர் 2 டிகிரியில் இருக்க வேண்டும், அதாவது ஐஸ் தண்ணீர். மார்கழியில் அறை 27, மைதா 26 இருக்கும்போது அதே கணக்கு 13 டிகிரி என்று காட்டும், பிரிட்ஜ் தண்ணீரோடு கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்தாலே போதும். அந்த 12 எல்லா மெஷினுக்கும் ஒன்றல்ல. ஒரு தடவை வழக்கம்போலப் பிசைந்துவிட்டு மாவில் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள், வந்த எண்ணை மூன்றால் பெருக்கி அறை, மைதா, தண்ணீர் மூன்றின் வெப்பத்தையும் கழித்தால் உங்கள் மெஷினின் எண் கிடைத்துவிடும். கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகிற நாட்களில் மைதாவை முதல் நாள் இரவே பிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். ஐஸ் போட்டால் அதையும் தண்ணீரின் எடைக்குள்ளேயே சேர்த்து எடை போட்டு, முழுதாகக் கரைந்த பிறகு ஊற்றுங்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை ஐஸ் தண்ணீரில் நேராகப் போடக் கூடாது, அதற்கு அந்தக் குளிர் ஆகாது. மைதாவோடு கலந்துவிட்டால் பிரச்சினை இல்லை.

செய்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். 500 கிராம் மைதா, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 40 கிராம் சர்க்கரை, 325 கிராம் தண்ணீர் எல்லாவற்றையும் குறைந்த வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம், உலர்ந்த மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கலந்து, ஈரத்துணியால் மூடி இருபது நிமிடம் விட்டுவிடுவேன். இந்த ஓய்வில்தான் பாதி வேலை நடக்கிறது. மைதா தண்ணீரைக் குடித்து, மாவுக்கு இழுவை தருகிற குளுட்டன் என்ற புரதம் தானாகவே பின்ன ஆரம்பித்துவிடும், அதனால் பிறகு ஹூக் ஓட வேண்டிய நேரம் குறைகிறது, நேரம் குறைந்தால் சூடும் குறைகிறது. பிரான்சில் ரேமோன் கால்வெல் என்ற பேக்கரி ஆசிரியர் இதை ஆட்டோலிஸ் என்று பெயரிட்டுப் பிரபலமாக்கினார். அவர் முறையில் மாவும் தண்ணீரும் மட்டும்தான், உப்பும் ஈஸ்ட்டும் பிறகு வரும். நான் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை முதலிலேயே போட்டுவிடுகிறேன், இருபது நிமிடத்தில் அது ஒன்றும் கெடுப்பதில்லை. உப்பு 9 கிராம் ஓய்வுக்குப் பிறகு. அப்புறம் ஸ்பீட் 2இல் ஐந்து நிமிடம், அதற்கும் பிறகு வெண்ணெயைச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு இன்னும் மூன்று நான்கு நிமிடம். வெண்ணெயை முதலிலேயே போட்டால் மாவின் மேல் படிந்து குளுட்டன் பின்னுவதைத் தடுக்கும், பதம் வரக் கூடுதல் நேரம் ஆகும். வெண்ணெய் போட்டதும் மாவு பிரிந்து கந்தலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், ஒரு நிமிடத்தில் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

பதம் வந்துவிட்டதா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எலுமிச்சை அளவு மாவை எடுத்து எண்ணெய் தொட்ட விரல்களால் மெதுவாக விரித்தால் கிழியாமல் சவ்வாக விரிய வேண்டும், வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரிய வேண்டும். கிழிந்தால் இன்னும் ஒரு நிமிடம். பன்னுக்கும் பாவுக்கும் இவ்வளவு தேவை. மேலே மொறுமொறுப்பாக இருக்கும் சாதாரண பிரெட்டுக்கு இதில் முக்கால் பங்கே போதும், மிச்சத்தை உப்புகிற நேரத்தில் மாவு தானே பார்த்துக்கொள்ளும்.

கோதுமை மாவில் செய்கிறவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர் சக்கி ஆட்டாவைக் கல்லில் நெருக்கி அரைப்பதால் மாவுச்சத்து நிறைய உடைந்திருக்கும், அது தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். 500 கிராம் ஆட்டாவுக்கு 375 முதல் 400 கிராம் தண்ணீர் வரை நான் விடுகிறேன், ஓய்வு முக்கால் மணி நேரம். ஹூக்கை நாலைந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டுவதில்லை, தவிட்டுத் துணுக்குகள் குளுட்டனை அறுத்துவிடும் என்பதால் அதிகம் பிசைந்து லாபமில்லை. மைதா பிரெட்டைப் போல இது உயராது. ருசி எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

ஹூக்கின் வடிவம் நான் நினைத்ததைவிட முக்கியமாக இருந்தது. என் மெஷினோடு வந்தது கொக்கி மாதிரி வளைந்தது. அதில் மாவு மெல்ல மெல்ல மேலே ஏறி, ஹூக் மாட்டுகிற இடத்தில் போய்ச் சுற்றிக்கொள்ளும், நிறுத்தி, ஈரக் கையால் இறக்கிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். திருகு போல இருக்கிற ஹூக் மாவைக் கீழே தள்ளும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. வாங்கும்போதே அந்த வகை கிடைத்தால் அதை எடுங்கள். மாவு கெட்டியாக இருந்தால் இன்னொன்று நடக்கும், மொத்த உருண்டையும் ஹூக்கைக் கட்டிக்கொண்டு சும்மா சுற்றும், பிசைகிற மாதிரித் தெரியும், ஆனால் உள்ளே ஒன்றும் நடக்காது. அப்போதும் நிறுத்தி, பிய்த்துப் போட்டு ஓட்டினால்தான் வேலை நடக்கும். அளவும் முக்கியம். என் ஐந்து லிட்டர் கிண்ணத்தில் 300 கிராம் மைதாவுக்குக் கீழே போட்டால் ஹூக் மாவைப் பிடிப்பதே இல்லை. 700 கிராமைத் தாண்டினால் தலை எழும்பி எழும்பி விழும், அந்தப் பூட்டும் கீலும் நாளடைவில் தளர்ந்துவிடும். மெஷின் மேடையில் நகரவும் செய்யும். அடியில் ரப்பர் விரிப்புப் போடுங்கள், ஓடும்போது விட்டுவிட்டு வேறு அறைக்குப் போகாதீர்கள்.

வேகத்தை ஏற்ற வேண்டாம் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும், அதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். பிரெட் மாவுக்கு ஸ்பீட் 2தான். அதற்கு மேல் போனால் மாவும் சூடாகும், கியரும் தேயும். பெட்டியில் 1200 வாட், 1500 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அது மோட்டார் இழுக்கிற கரண்ட், ஹூக்கில் வருகிற பலம் கியரையும் பொறுத்தது.

என் மெஷினில் ஒரு கட்டத்தில் ஹூக் சுற்றும்போது டக் டக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் வாங்கி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பதிலே சொல்லவில்லை, கடைசியில் கியர்பாக்ஸ் மொத்தமும் மாற்ற வேண்டும், புது மெஷினில் பாதி விலை ஆகும் என்றார்கள். எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. திரும்ப எடுத்து வந்து எங்கள் பகுதியில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் தலையைத் திறந்து, நீராக உருகியிருந்த பழைய கிரீஸை வழித்து எடுத்துவிட்டு, பல் தேய்ந்த ஒரே ஒரு கியரைக் காட்டினார். இந்த வகை மெஷின்கள் பலவற்றில் மோட்டாரைக் காப்பாற்றுவதற்காகவே ஒரு கியரை மட்டும் மென்மையான உலோகத்திலோ நைலானிலோ வைத்திருப்பார்கள், பளு தாங்காவிட்டால் அது முதலில் போகும். அதை மட்டும் வரவழைத்து, உணவுக்கு ஆகும் தரமுள்ள கிரீஸ் போட்டுக் கொடுத்தார், அதற்குப் பிறகு சத்தம் இல்லை. ரொம்ப நாள் ஓட்டாமல் வைத்திருந்தால் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து தண்டு வழியாகக் கிண்ணத்தில் சொட்டும், ஆகவே வெளியூர் போய் வந்தால் காலிக் கிண்ணத்தோடு இரண்டு நிமிடம் ஓட்டித் துடைத்துவிட்டுத்தான் மாவு போடுகிறேன்.

பிசையும்போது கரண்ட் போனால் மாவுக்கு ஒன்றும் ஆகாது, அதையும் ஓய்வாக எடுத்துக்கொள்ளலாம். சுவிட்சை மட்டும் உடனே அணைத்துவிடுங்கள், கரண்ட் திரும்பும்போது கை கிண்ணத்துக்குள் இருந்தால் ஆபத்து. ஹூக்கைக் கழுவக் குளிர்ந்த தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் மாவு வெந்து ஒட்டிக்கொள்ளும். பூச்சு இல்லாத அலுமினிய ஹூக் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டால் கருத்து, தொட்டால் கையில் கறை ஏறும். வெள்ளைப் பூச்சு உள்ளது நாள்பட உரியும், உரிந்தால் மாற்றிவிட வேண்டும். தனியாக ஸ்டீல் ஹூக் கிடைத்தால் காசைப் பார்க்காமல் வாங்கலாம்.

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் வாங்கிவரச் சொல்ல நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 120 வோல்ட், நம் பிளக்கில் நேராகச் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், மெஷின் இழுக்கிற வாட்டுக்கு மேல் தாங்குகிறதாகவும் இருக்க வேண்டும், அதற்கும் மேடையில் இடம் ஒதுக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் இங்கேயே 230 வோல்ட் மாடல் எடுப்பது நல்லது. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கியரும் ஹூக்கும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, பாகங்களின் விலையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.