அமெரிக்கன் ஃபுட்பால்ல யாரு பெஸ்ட், பேரி சாண்டர்ஸா, எமிட் ஸ்மித்தா?

ரெண்டு பேருமே ரன்னிங் பேக், பந்தை கையில வாங்கிட்டு கூட்டத்துக்குள்ள பூந்து ஓடுறவங்க, சாண்டர்ஸ் 1989ல டெட்ராய்ட் லயன்ஸ் டீமுக்கு வந்தாரு, ஸ்மித் அடுத்த வருஷம் டல்லாஸ் கவ்பாய்ஸுக்கு.

நம்பர் மட்டும் பாத்தா ஸ்மித்துதான். 15 சீசன், ஓடி எடுத்தது 18,355 யார்டு, 3 சூப்பர் பவுல் (சாம்பியன்ஷிப் ஃபைனல்) வெற்றி, அந்த யார்டு ரெக்கார்டை இன்னும் யாரும் தொடல. ஆனா அவருக்கு முன்னாடி எதிராளிங்களைத் தள்ளி வழி திறந்து விட பலமான லைன் (முன்வரிசை ஆட்டக்காரங்க) இருந்துச்சு, சாண்டர்ஸுக்கு பல நேரம் வழியே இருக்காது, பின்னாடி போய், திரும்பி, நாலு பேரு கைக்கு நடுவுல நழுவிடுவாரு, 1997ல மட்டும் 2,053 யார்டு! 10 சீசன்ல 15,269. பழைய ரன்னிங் பேக் வால்டர் பேட்டனோட அப்போதைய யார்டு ரெக்கார்டுக்கு வெறும் 1,457தான் பாக்கி, அந்த நேரம் பாத்து 1999ல சொந்த ஊர் பேப்பருக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிட்டு ரிட்டயர் ஆயிட்டாரு, இப்ப நெனச்சாலும் மனசு ஆறல.

ஸ்மித்தையும் லேசா சொல்லிட முடியாது. 1994 ஜனவரியில நியூயார்க் ஜயண்ட்ஸ் டீம் கூட ஆடுறப்ப தோள் மூட்டு விலகிடுச்சு, அந்த வலியோடவே ஆடி ஓட்டத்துல மட்டும் 168 யார்டு எடுத்து டீமை ஜெயிக்க வச்சாரு, அந்த நெஞ்சுரம் எல்லாருக்கும் வராது.

ஆனாலும் என் ஓட்டு சாண்டர்ஸுக்குத்தான். அவரு ஜெயிச்ச ஒரே பிளேஆஃப் (நாக்அவுட்) மேட்ச் 1991 சீசன்ல, 38-6, எதிர்ல நின்னது ஸ்மித்தோட டல்லாஸ்.