பித்தளையும் பிளாஸ்டிக்கும்: சூப்பர் க்ளூவா, எபாக்சியா, வெள்ளைப் பசையா?

பிளாஸ்டிக் மாடல் விமானத்திலும் கப்பலிலும் சின்ன உலோகப் பாகங்களை ஒட்ட எந்தப் பசை சரி? கிட் ஒட்டப் பயன்படும் தண்ணீர் போன்ற பிளாஸ்டிக் சிமென்ட்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது கிட்டின் பிளாஸ்டிக்கான ஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்குகிறது. பித்தளையை அதனால் கரைக்க முடியாது. காய்ந்தபின் ஒட்டியதுபோல் நிற்கும், நகம் பட்டால் கழன்றுவிடும். மிச்சம் இருப்பவை மூன்று. எது பலம் என்று கேட்பதைவிட, பாகம் எவ்வளவு கனம், எவ்வளவு நீளம் என்று பார்ப்பதே சரி.

சூப்பர் க்ளூ காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தால் இறுகுவது. அதனால் தென்னாப்பிரிக்காவில், ஈரப்பதமான கடலோர டர்பனில் ஒரு குணம், ஜோகன்னஸ்பர்கில் இன்னொரு குணம். கோடைக்கால பிப்ரவரியில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்தால் கண் இமைப்பதற்குள் பிடித்துவிடும். பாகத்தை நகர்த்தித் திருத்த நேரம் இராது. பசையின் ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கவும் செய்யும், ஆகவே காக்பிட் கண்ணாடிப் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் ஜூலை மாதக் குளிர்கால வறட்சியில் அதே பாட்டில் சோம்பிக் கிடக்கும். தகட்டின்மேல் ஒருமுறை மூச்சை விட்டால் போதும்; சீக்கிரம் இறுக வைக்கும் ஆக்சிலரேட்டர் தெளித்தால் ஒட்டு இன்னும் நொறுங்கலாகும்.

இதன் பலம் மெல்லிய படலத்தில்தான். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, கம்பி முனையால் தொட்டு வைக்க வேண்டும். சின்னக் கைப்பிடி, கொக்கி, இருக்கை பெல்ட்டுக்கு இதை மிஞ்ச வேறொன்று இல்லை. ஆனால் நேராக இழுத்தால் தாங்கும் ஒட்டு, ஓரத்திலிருந்து உரித்தாலோ தட்டினாலோ விட்டுவிடும்.

நீளமான பாகத்தில் வேறொரு சிக்கல். ஸ்டைரீன் வெப்பத்தில் பித்தளையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் விரியும். 200 மி.மீ. கப்பல் கைப்பிடிக் கம்பியை எடுத்துக்கொண்டால், 20 டிகிரி ஏறும்போது இரண்டுக்கும் சுமார் 0.2 மி.மீ. வித்தியாசம் வரும். வெயிலில் நிற்கும் காருக்குள் அதற்கு மேலும் ஏறும். விறைப்பான சூப்பர் க்ளூ வளையாது. முனைகள் கழன்று கம்பி வில்லாக வளையும். கம்பியை 40, 50 மி.மீ. துண்டுகளாகத் தூண் இருக்கும் இடத்தில் வெட்டி ஒட்டலாம். இல்லையென்றால் நடுவில் மட்டும் சூப்பர் க்ளூ வைத்து, மற்ற இடமெல்லாம் வெள்ளைப் பசை வைக்கலாம்.

வெள்ளைப் பசை, அதாவது பிவிஏ, பலத்தில் கடைசிதான். ஆனால் சற்று வளைந்து கொடுக்கும், தெளிவாகக் காயும், தப்பினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கண்ணாடியைச் சுற்றிய மெல்லிய சட்டத்துக்கு இதுவே. மழைக்கால டர்பனில் ஓர் இரவு முழுக்கக் காயவிட வேண்டும்.

வெள்ளை உலோகம் என்னும் வார்ப்புக் கலவையில் செய்த, விமானத்தின் கனமான சக்கரக் கால்களுக்கு, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து பூசும் எபாக்சிதான். க்ரூகர்ஸ்டார்ப்பில் உள்ள பிராட்லி கம்பெனியின் குவிக்செட் எபாக்சி எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். (அதே கம்பெனியின் புட்டியை இதற்கு வாங்காதீர்கள்.) இரண்டு குழாயிலிருந்தும் சரிசமமாகப் பிதுக்கி, ஒரு நிமிடம் நன்றாகக் குழைக்க வேண்டும். அளவு தவறினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. கெட்டியானாலும் முழு பலம் வர 24 மணி நேரம் ஆகும், அதற்குள் விமானத்தை நிற்க வைக்காதீர்கள். பசையை மட்டும் நம்பாமல், காலிலும் இறக்கையிலும் 0.8 மி.மீ. துளை போட்டு அதே தடிமனில் பித்தளைக் கம்பி செருகினால், எடையைக் கம்பி சுமக்கும்.

எதை எடுத்தாலும், ஒட்டும் இடத்தைப் 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு விரல் படக்கூடாது. பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஒட்டுவது பெயின்ட்டோடுதான்.

கோணலாக ஒட்டிய சூப்பர் க்ளூவைப் பிரிக்க அசிட்டோனைத் தொடாதீர்கள், ஸ்டைரீனும் சேர்ந்து கரையும். மாடலை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பிளேடு முனையால் ஓரத்தை நெம்பினால், சுருங்கும் வித்தியாசமே பெரும்பாலும் பாகத்தைக் கழற்றிவிடும்.