1,400 டாலர் பாப்பி: பாட்டில் அசல், சரக்கு போலி

இது கொஞ்சம் புலம்பல்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகாரும் போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கியும் பிடித்த நம் ஆட்கள் சின்சினாட்டி பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். போன வாரம் ஒருவர் போன் செய்து, "ஒருத்தர் ஒரு அரிய போர்பன் பாட்டிலைப் பார்க்கிங்கில் வைத்துத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?" என்று கேட்டார். அவரிடம் முக்கால் மணி நேரம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் தூங்கிய பிறகு, யாராவது ஒருவர் வீட்டு டெக்கில் உட்காருவோம். ஆளுக்கு ஒரு சுருட்டு, இரண்டு அவுன்ஸ் போர்பன், அவ்வளவுதான். என் தாத்தா உறையூர்ச் சுருட்டு பிடித்தவர். திண்ணையில் அந்த வாசனையோடு வளர்ந்த எனக்கு, நிகராகுவா மதுரோ சுருட்டின் கறுத்த இலை ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. (வீட்டில் இருப்பவர் கருத்து வேறு. அதனால்தான் டெக்.)

எங்களில் கோவைக்காரருக்கு நாற்பது வயது வந்தது. ஏதாவது பெரிதாகச் செய்வோம் என்று பேச்சு எழுந்தபோது, யார் வாயிலிருந்தோ பாப்பி வான் விங்கிள் என்ற போர்பனின் பெயர் வந்து விழுந்தது. 15 வருடத்துச் சரக்கு, 107 புரூஃப், அதாவது 53.5 சதவீதம் ஆல்கஹால். மக்காச்சோளத்தோடு ரை தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்த்துக் காய்ச்சுவார்கள். லேபிளில் ஒரு கிழவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டிருப்பார். அவர்தான் பாப்பி, ஜூலியன் வான் விங்கிள். 1893-ல் விற்பனையாளராகத் தொழிலுக்கு வந்து, 1935-ல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் அருகே ஸ்டிட்ஸல்-வெல்லர் ஆலை திறந்தபோது அதை நடத்தியவர். சுருட்டு ராத்திரிக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டில் உண்டா என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். ஏமாந்த கதை அந்த லேபிளில்தான் ஆரம்பம்.

அதை நேர் வழியில் வாங்குவது லேசில்லை. தயாரிப்பாளர் சொல்லும் விலை நூற்றுச் சொச்சம் டாலர்தான், ஆனால் அந்த விலைக்கு எந்த அலமாரியிலும் பார்க்க முடியாது. நாங்கள் இருக்கும் ஒஹாயோவில் மது விற்பனை மாநில அரசின் கையில் இருப்பதால் அரிய பாட்டில்களுக்குக் குலுக்கல் நடத்துகிறார்கள். நான்கு பேரும் பெயர் கொடுத்தோம், ஒருவருக்கும் விழவில்லை. கைமாற்றுச் சந்தையில் 2,000 டாலர் கேட்டார்கள். அப்போதுதான் வாட்ஸப் குழுவில் ஒரு நண்பர், "எனக்குத் தெரிந்த ஒரு அமெரிக்கர் 1,400-க்குத் தருகிறார், அவர் அப்பா வைத்திருந்ததாம்" என்றார். ஆளுக்கு 350 டாலர் போட்டோம். இந்த "எனக்குத் தெரிந்த" என்பதன் முழுக்கதை பிறகுதான் தெரிந்தது. நண்பருக்குத் தெரிந்தவருக்கு ஆன்லைனில் தெரிந்தவராம்.

பாருங்கள், நான் ஒன்றும் விசாரிக்காமல் போகவில்லை. 2013-ல் கென்டக்கியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும், பாப்பி தயாராகும் பஃபலோ டிரேஸ் ஆலையிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட வான் விங்கிள் பாட்டில்கள் காணாமல் போன கதையைப் படித்திருந்தேன். அதனால், "இது திருட்டுப் பாட்டில் இல்லையே?" என்று விற்பவரிடம் நேராகவே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அப்பா எந்தக் கடையில் எந்த வருடம் வாங்கினார் என்று விலாவாரியாகச் சொன்னார். என் சந்தேகம் தீர்ந்தது. திருட்டுப் பொருளா என்று கேட்கத் தோன்றியவனுக்கு, உள்ளே இருப்பது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

கென்டக்கி பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் பாட்டில் கைமாறியது. போன் வெளிச்சத்தில் லேபிளைப் பார்த்தேன். அடியில் கண்ணாடியில் லேசரால் பொறித்த எண்கள் இருந்தன, ஆண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும். அவர் சொன்ன கதையோடு அது பொருந்தியது. பணத்தை ஆப்பில் "நண்பர்களுக்கு அனுப்புதல்" முறையில் அனுப்பச் சொன்னார், கட்டணம் மிச்சமாகுமாம். அனுப்பினேன். அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது என்பது, பிறகு புகார் கொடுக்கப் போனபோது பாடமானது.

பிறந்த நாள் ராத்திரி. கழுத்து உறையைக் கிழித்தபோது ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சுருக்கம் சுருக்கமாகவும் இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஊற்றினோம், மோந்தோம், ஒரு வாய் குடித்தோம். "பிரமாதம்" என்றார் கோவைக்காரர். "என்ன ஸ்மூத்" என்றார் இன்னொருவர். நானும் தலையாட்டினேன். ஆளுக்கு 350 டாலர் கொடுத்துவிட்டு வேறு என்ன சொல்வது? சுருட்டில் பாதி போனபின் கோப்பையில் இருந்தது தண்ணீர் கலந்த சர்க்கரைப் பாகு மாதிரி ஆகிவிட்டது. மதுரோ புகைக்கு முன்னால் அது நிற்கவே இல்லை. ஆம்பூர்க்காரர் மட்டும் பேசாமல் இருந்தார். அவர் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர், அளவு கருவிகள் மேல் ஒரு பைத்தியம் உண்டு.

மறுநாள் காலை, மதுவின் புரூஃப் அளக்கும் ஸ்பிரிட் ஹைட்ரோமீட்டரோடு வந்தார். கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கிற இன்னொரு மெல்லிய கண்ணாடிக் குச்சி, விலை இருபது டாலருக்குள்தான். பீர் காய்ச்சுபவர்கள் சர்க்கரை அளக்க வைத்திருக்கும் மிதவை இதற்கு உதவாது. முதலில் என்னிடம் இருந்த வைல்ட் டர்க்கி 101-ஐ (101 புரூஃப் போர்பன்) ஊற்றினார். குச்சி மெல்ல ஆடி 104-ல் நின்றது. அளவுகோல் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் செய்தது, சமையலறை 72-ல் இருந்ததால் சில புள்ளி கூடக் காட்டும் என்றார். சரி. அடுத்து எங்கள் பாப்பி. குச்சி விறுவிறு என்று மேலே கிளம்பிவிட்டது. கனமான திரவத்தில், அதாவது தண்ணீர் அதிகம் உள்ளதில், அது உயர்ந்து மிதக்கும். 84. சூட்டுக்குக் கழித்தால் 80 பக்கம். லேபிளில் 107. பீப்பாயில் ஊறிய சரக்கில் கரைந்திருக்கும் பொருட்கள் கணக்கை ஒன்றிரண்டு புள்ளி நகர்த்தலாம், இருபத்தேழு புள்ளி நகர்த்தாது. அமெரிக்காவில் விஸ்கி என்று விற்கச் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவே 80 புரூஃப்தான். ஏதோ அடிமட்ட மலிவுச் சரக்கை ஊற்றி வைத்திருந்தார்கள்.

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. காலிப் பாப்பி பாட்டில்களை ஆன்லைனில் விற்கிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது. வீட்டில் வைன் போடுபவர்களுக்கான சுருங்கும் உறைகள் எங்கும் கிடைக்கும், சூடு காட்டினால் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் போன் வெளிச்சத்தில் சரிபார்த்த லேபிளும் லேசர் எண்ணும் அசலேதான். நான் பார்க்கத் தெரிந்த இடம் எல்லாம் அசல். ஊரில் இருந்தபோது யாராவது "ஃபாரின் சரக்கு" என்று நீட்டினால் முதலில் மூடியைத்தான் பார்ப்போம். அமெரிக்கா வந்து அந்தப் புத்தியைத் தொலைத்திருக்கிறேன்.

கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா என்றால், அதுவும் இல்லை. 2021-ல் ஒரு டிவி நிகழ்ச்சிக்காரர்கள் நியூயார்க்கில் கடையில் வாங்கிய கர்னல் டெய்லர் என்ற போர்பன் பாட்டில் ஒன்றை பஃபலோ டிரேஸ் ஆலையே சோதித்துப் போலி என்று சொன்னது. ஆனாலும் கடைக்கு முகவரியும் உரிமமும் ரசீதும் இருக்கிறது, பிடித்து உலுக்கலாம். கென்டக்கியில் 2018 முதல், உரிமம் பெற்ற கடைகள் தனியாரிடம் பழைய பாட்டில்களை வாங்கி விற்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆற்றைத் தாண்டி அப்படி ஓர் இடத்தில் 15 வருடப் பாப்பியை அரை அவுன்ஸ் வாங்கிக் குடித்துப் பார்த்தேன், கொடுத்த காசைச் சொல்லமாட்டேன். நல்ல சரக்கு. எங்கள் டெக்கில் குடித்ததற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

விற்றவரின் எண் இரண்டே நாளில் செத்துவிட்டது. உரிமம் இல்லாமல் மது விற்பது சட்டவிரோதம் என்பதால், போலீஸில் சொல்வதென்றால் பெட்ரோல் பங்க் வாசல் கதையை நாமே ஒப்பிக்க வேண்டும். அந்தக் கூச்சம்தான் இவர்களுக்கு மூலதனம். முகநூல் தனியார் மது விற்பனையை 2019-லேயே தடை செய்துவிட்டது. குழுக்கள் மட்டும் பெயரை மாற்றி மாற்றி நடக்கின்றன.

இப்போது நாங்கள் சுருட்டோடு குடிப்பது எல்லாம் பக்கத்துக் கடை அலமாரியில் தூசி தட்டி எடுப்பதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் பெரிய தவறு இதில்தான். புகை நாக்கை மரக்க வைத்துவிடும். பதினைந்து இருபது வருடம் ஊறிய நுணுக்கத்தை மதுரோ புகையின் நடுவே தேடுவது, கல்யாண மண்டபத்து நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீணை கேட்பது மாதிரி. சுருட்டுக்கு வேண்டியது இனிப்பும் பலமும். இனிப்பைப் போர்பனே கொண்டுவரும். தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புது ஓக் கலனில்தான் ஊற வேண்டும் என்பது சட்டம். வெனிலா, கருகிய சர்க்கரை வாசனை எல்லாம் அந்தக் கரியிலிருந்தும் மரத்திலிருந்தும் வருவது. பலத்துக்கு 100 புரூஃப் பக்கம் போங்கள்.

லேபிளில் "பாட்டில்ட் இன் பாண்ட்" என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1897-ல் வந்த சட்டம் அது. அதுவும் கலப்படத்துக்குப் பயந்து வந்ததுதான் என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. ஒரே ஆலை, ஒரே காய்ச்சல் பருவம், அரசு கண்காணிப்பில் இருக்கும் கிடங்கில் குறைந்தது நான்கு வருடம், சரியாக 100 புரூஃப். வெள்ளை லேபிள் எவன் வில்லியம்ஸ் இந்த வகை. ஓல்ட் கிராண்ட்-டாட் பாண்டட் இன்னொன்று, அதில் ரை அதிகம், காரம் தூக்கலாக இருக்கும், கறுப்பு இலைச் சுருட்டுக்கு அதுதான் சரியான ஜோடி. கனெக்டிகட் இலை சுற்றிய மென்மையான சுருட்டு என்றால் கோதுமை போட்ட மேக்கர்ஸ் மார்க் போதும், 90 புரூஃப்தான் என்றாலும் அடிபட்டுப் போகாது. கோவைக்காரர் வைல்ட் டர்க்கி கட்சி. இவை எல்லாம் இருபது முப்பது டாலர் சுமாருக்கு வருபவை. இந்த விலைக்குப் போலி செய்து யாருக்கும் கட்டாது.

கனமான கண்ணாடி, மரமூடி, ஒரு கென்டக்கித் தாத்தா கதை, 90 டாலர் என்று ஒரு பாட்டில் இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். "டிஸ்டில்ட் இன் இண்டியானா" (இண்டியானாவில் காய்ச்சியது) என்று சின்ன எழுத்தில் இருக்கலாம். இண்டியானாச் சரக்கு மோசமில்லை, நல்லதே உண்டு. கென்டக்கித் தாத்தா கதைக்கு ஏன் காசு தர வேண்டும் என்பதுதான் கேள்வி. லேபிளில் வரும் "ஸ்மால் பேட்ச்" (சின்னத் தொகுதி) என்ற சொல்லுக்கும் சட்டத்தில் எந்த அளவும் கிடையாது.

கடைசியாக ஒன்று. பிறந்த நாள் ராத்திரி எடுத்த படத்தை, போலி என்று தெரிவதற்கு முன்பே ஒரு விஸ்கி குழுவில் போட்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்து முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்தது: "பாட்டில் காலியானதும் தருவீர்களா? 80 டாலர் தருகிறேன். மூடி, பை இருந்தால் கூடுதல்." ஆம்பூர்க்காரரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கராஜுக்குப் போய் உப்புத்தாள் எடுத்து வந்தார். மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றினோம். கிழவரின் முகத்தைச் சுரண்டினோம், சுருட்டோடு சேர்த்து. லேசர் எண் போகவே இல்லை. பழைய துண்டில் சுற்றிச் சுத்தியலால் ஒரு போடு போட்டுத்தான் குப்பையில் சேர்த்தோம்.